மழையில்லாத நாளில் நிரம்பிய கிணறு

“2024 மார்ச் 10, ஞாயிறு. மழைமானி காலி. வானம் வெளுத்துக் கிடக்கிறது. காலையில் பின்பக்கக் கிணற்றில் தண்ணீர் விழும் சத்தம்.”

அன்று நான் எழுதியது இவ்வளவுதான். அந்தப் பக்கத்தின் மீதி வெற்றாக இருக்கிறது. கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து தொடரலாம் என்று பேனாவை மூடி வைத்தேன். பார்த்துவிட்டு வந்தபின் எழுத முடியவில்லை. அந்த மீதியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பெங்களூரு ஜீவனஹள்ளியில் எங்கள் கட்டடம் தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு தளம், எட்டு வீடு. முன்பு இந்த இடத்தில் ஒரு பழைய பங்களா இருந்ததாம். அதை இடித்துக் கட்டியவர்கள் கிணற்றை மட்டும் தூர்க்காமல், மேலே கம்பி வலை போட்டு விட்டுவிட்டார்கள். நான் இரண்டாம் மாடி. ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். மழை பெய்த நாள், குழாயில் காவிரித் தண்ணீர் வந்த நாள், வராத நாள், தெருவில் மரம் விழுந்த நாள் என்று குறித்து வைப்பது என் பழக்கம். யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் காட்டியதில்லை.

அந்த பிப்ரவரியில் எங்கள் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, தண்ணீருக்குப் பதில் காற்றைக் கக்கத் தொடங்கியது. குழாயைத் திறந்தால் இருமல்போல ஒரு சத்தம், பிறகு சிவப்பாகக் கொஞ்சம் சேறு. நகரம் முழுக்க அப்போது இதே பேச்சுதான். பேருந்தில், காய்கறிக் கடையில், கோயில் வாசலில் எல்லா இடத்திலும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது “உங்க வீட்ல தண்ணி வருதா?” என்பதுதான். காவிரித் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள், அதுவும் குடிக்க மட்டுமே போதும். மற்றதற்கெல்லாம் டேங்கர்.

இதில் யாரைவிடவும் அதிகம் தவித்தது தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் பெண்மணி. இட்லி மாவு அரைத்து விற்பவர். கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் மாவு அக்கா. வயதில் மூத்தவள் என்பதால் என்னை மட்டும் அவர் அக்கா என்பார். எங்கள் எட்டு வீட்டுக்கும், சுற்றியுள்ள இரண்டு மூன்று தெருக்களுக்கும் அவருடைய மாவுதான். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். தண்ணீர் இல்லையென்றால் தொழில் இல்லை. தொழில் இல்லையென்றால் பெங்களூரு வாடகை கட்டுப்படியாகாது. கோலார் தங்கவயலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான் என்று அவரே சொல்லியிருந்தார்.

மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் முதல் மாடிக்காரர். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழர். கோபம் வந்தால் கன்னடம் வந்துவிடும்.

“போரை இன்னும் கீழ எறக்கலாம். அதான் ஒரே வழி” என்று ஆரம்பித்தார்.

“எதிர்வீட்ல போன வருஷம் எறக்கினாங்க சார். அதுக்கப்புறம்தான் நம்மது வத்த ஆரம்பிச்சுது. நம்ம எறக்கினா பக்கத்து வீட்டுது வத்தும்” என்றேன். அந்த மாதங்களை நான் குறித்து வைத்திருந்தேன். எதிர்வீட்டு எந்திரத்தின் சத்தத்தில் மூன்று நாள் தூங்காததால் குறித்தது.

“அவங்களது வத்தட்டும் மேடம், நமக்கு என்ன” என்றார் ஒருவர் பின்னாலிருந்து.

டேங்கரையே மாதக் கணக்கில் பேசிவிடலாம் என்று அடுத்த யோசனை. டேங்கர் தண்ணீரும் ஊருக்கு வெளியே யாரோ ஒருவருடைய போரிலிருந்து உறிஞ்சுவதுதான். அங்கேயும் வற்றினால் என்ன செய்வது என்று கேட்டேன். மாவு அக்காவின் எதிர்ப்பு வேறு மாதிரி.

“டேங்கர் எப்ப வரும்னு டேங்கருக்கே தெரியாது சார். நான் காலையில அரிசி ஊறப் போடணும். அவன் சாயந்திரம் வந்து ஹாரன் அடிக்கிறான். அரிசிகிட்ட போயி கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்ல முடியுமா?”

மூன்றாம் மாடியில் ஈரோட்டிலிருந்து வந்து மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். நிறைய படிப்பவர். வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாம், அளந்தால் தானாகக் குறையும் என்றார்.

“மீட்டர் வெச்சா ஒறவு கெட்டுடும் தம்பி” என்றார் செயலாளர்.

“எந்த உறவு அங்கிள்? போன மீட்டிங்ல பார்க்கிங்குக்கு சட்டையப் புடிச்சுக்கிட்டோமே, அந்த உறவா?”

மீட்டர் அதோடு போயிற்று. அந்த இளைஞர் விடவில்லை. துணி துவைக்கும் தண்ணீர் மொத்தமும் வீணாகத்தான் போகிறது; அதைத் தனிக் குழாயில் பிடித்து, வடிகட்டி, கழிப்பறைக்கு விட்டால் நல்ல தண்ணீர் எவ்வளவோ மிஞ்சும் என்று கையால் காற்றில் படம் வரைந்து காட்டினார்.

செயலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தே விட்டார். “பேடா பேடா, வேண்டவே வேண்டாம். எட்டு வீட்டு அழுக்குத் துணி தண்ணி என் பாத்ரூமுக்கா? எங்க வீட்ல பூஜை புனஸ்காரமெல்லாம் இருக்குப்பா.”

“டாய்லெட்ல ஊத்தறதுக்குக்கூடவா சார் ஆச்சாரம்?” என்றார் மாவு அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கை தூக்கச் சொன்னபோது அந்த யோசனைக்கு அவரவர் கை மடியிலேயே இருந்தது. என்னுடையதும்தான். மூளை சரி என்றது. வேறொருவர் வீட்டு உடுப்பு அலசிய தண்ணீர் என் வீட்டுக் குழாயில் வருவதை நினைத்தபோது உடம்பு சற்றுப் பின்வாங்கியது.

மிஞ்சியது கிணறு. அதைத் தூர்வாரி, மொட்டை மாடி மழை முழுவதையும் அதற்குள் இறக்கினால் நிலத்தடியில் தண்ணீர் ஊறும், போரும் ஒருநாள் உயிர் பெறும். உடனே பலன் கிடைக்காது என்று தெரிந்தும் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இப்போது யோசித்தால் காரணம் புரிகிறது. மற்ற வழிகள் ஒவ்வொன்றும் யாரையாவது எதையாவது விட்டுக்கொடுக்கச் சொல்லின. மழை யாரையும் எதுவும் கேட்கவில்லை.

கிணறு வெட்டுகிறவர்கள் வந்து பல வருடத்துச் சேற்றை வாளி வாளியாக ஏற்றினார்கள். அடியில் தெளிந்த ஊற்று கொஞ்சம் கசிந்தது. முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினோம். புழங்கலாம், காய்ச்சினால் குடிக்கவும் செய்யலாம் என்று வந்த முடிவைச் செயலாளர் படிக்கட்டுப் பலகையில் ஒட்டினார். அன்றிலிருந்து மாவு அக்கா காவிரித் தண்ணீரில் மாவை அரைத்தார். அரிசி, உளுந்து களையவும் கிரைண்டர், பாத்திரம் கழுவவும் கிணற்றுத் தண்ணீரை இறைத்துக்கொண்டார். தங்கவயல் பேச்சு நின்றது.

மார்ச் 2, சனிக்கிழமை, சிவாஜிநகரிலிருந்து பிளம்பர் பாய் வந்தார். மொட்டை மாடியிலிருந்து பின்சுவர் வழியாக இறங்கும் பெரிய குழாயின் கீழ்முனையை, அதுவரை அது கொட்டிக்கொண்டிருந்த தெருச் சாக்கடையிலிருந்து பிரித்துக் கிணற்றுக்குள் திருப்பினார். வேலையைத் தொடங்குமுன் கேட்டார், “இது மழைப் பைப்புதானே சாப்?”

“பின்ன? மாடியிலேர்ந்து வருது பாரு” என்றார் செயலாளர்.

நாங்கள் எல்லாரும் அதை மழைக் குழாய் என்றுதான் சொல்வோம். பாய் கேட்டபோது நானும் அங்கே நின்றிருந்தேன்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் மாவு அக்கா கிணற்றடியில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே சொன்னார், “போர் தண்ணில எவ்ளோ தேச்சாலும் நொரையே வராது அக்கா. இந்தத் தண்ணி பாருங்க, கொஞ்சூண்டு சோப்பு போட்டாலே போதும். கை மெத்துன்னு இருக்கு. மழை வர்றதுக்குள்ளயே இப்டின்னா மழைத் தண்ணி எப்டி இருக்கும்?”

எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. உப்பு ஏறாத மேல்மட்ட ஊற்று, அதனால் மென்னீர் என்று நான் படித்ததை வைத்து விளக்கம்கூடச் சொன்னேன்.

பிறகு அந்த ஞாயிறு. பின்ஜன்னலை நான் கொசுவுக்காக மூடியே வைத்திருப்பேன். அன்று ஒட்டடை அடிக்கத் திறந்தபோதுதான் சத்தம் கேட்டது. ஒரே சீராகத் தண்ணீர் விழும் சத்தம். மேலே பார்த்தேன். கண் கூசும் வெயில். கீழே இறங்கிப் போனபோது மாவு அக்காவும் செயலாளரும் கிணற்றுச் சுவரைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தது.

“ஊத்து ஒடஞ்சிருக்கு” என்றார் செயலாளர். “கங்கம்மா வந்துட்டா மேடம்.” செருப்பைக் கழற்றினார். வீட்டுக்குப் போய் மஞ்சளும் குங்குமமும் ஊதுவத்தியும் கொண்டுவந்து கிணற்றுச் சுவருக்குப் பொட்டு வைத்தார். நானும் கையைக் கூப்பினேன். ஊற்று பக்கவாட்டிலிருந்துதானே வரும், மேலேயிருந்து எப்படிக் கொட்டும் என்று அந்த நிமிடத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாவு அக்கா வாளியை இறக்கி இழுத்தார். வாளியின் மேல் வெள்ளையாக நுரை ஒதுங்கி நின்றது. அவர் குனிந்து முகர்ந்தார். நிமிரவில்லை. வாளியை என் பக்கம் நகர்த்தினார். கிணற்றுத் தண்ணீரில் பூ வாசனை அடித்தது.

அதற்குள் ஊதுவத்தி வாசனைக்கு என்ன விசேஷம் என்று கேட்டபடி மூன்றாம் மாடி இளைஞர் இறங்கி வந்தார். வாளியருகே வந்ததும் நின்றுவிட்டார். நுரையை விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு மெதுவாக, “ஆன்ட்டி, இது எங்க வீட்டு வாசனைங்க” என்றார். “துணிக்குக் கடைசியா ஊத்துற லிக்விட். இப்ப மெஷின் ஓடிட்டிருக்கு.”

ஓடிப்போய் மெஷினை நிறுத்தினார். கிணற்றில் விழுந்துகொண்டிருந்த சத்தம் ஒடுங்கிச் சொட்டாயிற்று. நின்றது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்குள் மறுபடி தண்ணீர் கொட்டத் தொடங்கியது. இந்த முறை முதல் மாடியிலிருந்து. செயலாளர் வீட்டு மெஷின்.

அப்போதுதான் புரிந்தது. கட்டடம் கட்டியவர்கள் துணி துவைக்க என்று இடம் விடவில்லை. ஒவ்வொரு வீட்டாரும் குடிவந்ததும் பின்பால்கனியில் மெஷினை வைத்து, பக்கத்திலேயே இறங்கும் குழாயில் ஒரு ஓட்டை போட்டு அதன் கழிவுத் தண்ணீரைச் செருகியிருக்கிறோம். பிளம்பர்களும் கேள்வி கேட்காமல் செருகியிருக்கிறார்கள். என் வீட்டு நீல நிறக் குழாயும் அதில்தான் போய்ச் சேர்ந்திருந்தது. தினமும் அந்தப் பால்கனியில் நின்றுதான் துணி உலர்த்துகிறேன். கழிப்பறைக்குக்கூட ஆகாது என்று முகம் சுளித்துத் தள்ளிய தண்ணீரை, எட்டு வீடும் சேர்ந்து, சோதித்துச் சான்று ஒட்டிய கிணற்றுக்குள் விட்டிருக்கிறோம். சான்று பொய்யில்லை. பாட்டிலில் பிடித்த நாளில் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். குழாயை இணைத்தது அதற்குப் பிறகு.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இதற்கு முன் இத்தனை வருடமும் அந்தக் குழாய் எங்கே கொட்டிக்கொண்டிருந்தது? மழைத் தண்ணீருக்கான சாக்கடையில். அது போய்ச் சேருவது ஏரியில். ஊருக்குக் கிழக்கே ஏரி நுரை பொங்கிச் சாலைக்குப் பறப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்து, யார் இப்படிச் செய்கிறார்கள் என்று செயலாளரும் நானும் படிக்கட்டில் நின்று திட்டியிருக்கிறோம்.

மாவு அக்கா தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். “மெத்துன்னு இருக்குன்னு சந்தோஷப்பட்டேனே அக்கா” என்றார். “இந்தத் தண்ணிலதானே அரிசி களைஞ்சேன். நீங்கல்லாம் அதத்தானே தின்னீங்க.”

வீட்டுக்குள் போய், மாலை விற்பனைக்குப் பொங்கி நின்ற மாவை அண்டாவோடு தூக்கிக்கொண்டு வந்தார். செயலாளர் குறுக்கே வந்தார்.

“அம்மா, அவசரப்படாத. மாவைக் கொட்டு, பரவால்ல. ஆனா வெளிய யாருகிட்டயும் சொல்லாத. பில்டிங் பேரு கெட்டுடும். நாளைக்கு ஒரு வீட்ட விக்கணும்னா ஒருத்தன் வர மாட்டான்.”

“பில்டிங் பேரா?” என்றார் அவர். “பில்டிங் மாவு அரைக்குதா சார்? ரெண்டு தெருவுல குழந்தைங்க என் மாவத் தின்னுது. வேணும்னா சொல்லாம இருக்கேன். இந்தா அண்டா. எட்டு வீடும் ஆளுக்கு ஒரு கிண்ணம் எடுத்துக்கினு போய் இட்லி ஊத்திச் சாப்டுங்க. நான் வாயே தொறக்கல.”

செயலாளர் அண்டாவைப் பார்த்தார். ஒதுங்கினார்.

அன்று மாலை மாவு வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர் நடந்ததைச் சொன்னார். சிலர் பரவாயில்லை என்றார்கள். சிலர் பாத்திரத்தை மூடிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை அடுத்த தெருவில் இருக்கும் ஆசிரியை ஒருவர் வந்தார். சண்டைக்கு வரவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“எங்க அம்மா செவ்வாக்கெழம உங்க மாவுல இட்லி சாப்ட்டாங்க. புதன்கெழமையிலேர்ந்து வயித்தால போயி, ட்ரிப்ஸ் ஏத்தற அளவுக்கு ஆயிடுச்சு. இப்ப வீட்டுக்கு வந்துட்டாங்க. டாக்டர் எதுனாலன்னு சொல்லல, வெயில்னாலயும் இருக்கலாம்ங்கறாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தத் தண்ணி எந்த நாள்லேர்ந்து கெணத்துல விழுந்துது?”

கேட்டு வைக்கிறேன் என்றார் மாவு அக்கா. ஆசிரியை போனதும் மேலே ஏறி என்னிடம் வந்தார். “தேதியெல்லாம் நீங்கதானே அக்கா எழுதி வெப்பீங்க. சொல்லுங்க. செவ்வாக்கெழம அந்தத் தண்ணி இருந்துச்சா, இல்லையா?”

வீட்டில் இத்தனை வருடக் குறிப்பு இருந்தும் எனக்குத் தெரியவில்லை. குழாய் கிணற்றுக்குள் இறங்குமிடத்தில் பாய் ஒரு வால்வு வைத்திருந்தார். முதல் மழையில் மாடித் தூசியெல்லாம் வருமென்பதால் அதை வெளியே விட்டுவிட்டு, பிறகு கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பிளம்பர் பாய்க்குத் தொலைபேசினேன். “நான் சனிக்கெழமையே கெணத்துப் பக்கம் தொறந்து வெச்சுட்டுதான் வந்தேன் அக்கா. அல்லா மேல ஆணை” என்றார். செயலாளரைக் கேட்டேன். “இல்லவே இல்ல மேடம். வெளிப்பக்கம்தான் இருந்துச்சு. வெள்ளிக்கெழம சிவராத்திரி பூஜை முடிச்சு, சீக்கிரம் மழை வரட்டும்னு வேண்டிக்கிட்டு நானே என் கையால திருப்பினேன்” என்றார். பாய் சொல்வது சரியென்றால் மார்ச் 2. செயலாளர் சொல்வது சரியென்றால் மார்ச் 8. நடுவில் மார்ச் 5, அந்தச் செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் முழுவதும் நான் எழுதியது வெப்பம், டேங்கர் வந்த நேரம், காவிரி வராத நாள். வால்வு எந்தப் பக்கம் இருந்தது என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

இரண்டையும் மாவு அக்காவிடம் சொன்னேன்.

“ரெண்டாம் தேதின்னே சொல்லிடறேன் அக்கா.”

“அது உறுதியில்லையே.”

“எட்டாம் தேதி மட்டும் உறுதியா? எட்டுன்னா நான் தப்பிச்சேன். அதனாலயே அதச் சொல்ல வாய் வரல.”

நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாமென்று தனியாகப் போனார். இரண்டாம் தேதியிலிருந்து என்று சொல்லியிருக்கிறார். உறுதியாகத் தெரியாது, ஆனால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். ஆசிரியையின் தாயார் பிறகு நன்றாகத் தேறிவிட்டார். அந்த வீட்டிலிருந்து மாவு வாங்க யாரும் வருவதில்லை.

கிணற்றை இறைத்துக் கொட்டினோம். எட்டு பால்கனிக்கும் தனிக் குழாய் போட்டாயிற்று. அந்தத் தண்ணீரை வடிகட்டிக் கழிப்பறைகளுக்கு அனுப்பலாம் என்று அடுத்த கூட்டத்தில் முன்மொழிந்தது செயலாளர். யாரும் முகம் சுளிக்கவில்லை. மீட்டரைப் பற்றி இன்னும் பேச்சில்லை. மே மாதம் மழை வந்தபோது நாங்கள் மாடியிலிருந்து கிணறுவரை குழாயில் வேறு எதுவும் செருகியிருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தோம். கிணற்றில் இப்போது தண்ணீர் நிற்கிறது. மறுபடி சோதித்ததில் குறையில்லை என்று வந்தது. மாவு அக்கா அதைத் தொடுவதில்லை. அவர் தங்கவயலுக்குப் போகவில்லை. காவிரி வருகிற நாளில் டிரம்மில் பிடித்து, அந்த அளவுக்கு மட்டும் அரைக்கிறார். வராத நாளில் மாவு இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்.

பாயையும் செயலாளரையும் நான் பிறகும் பல முறை கேட்டுப் பார்த்தேன். இருவரும் சொன்னதையே சொல்கிறார்கள். இருவரில் ஒருவருடைய நினைவு தவறு. கிணற்றுப் பக்கம் வால்வு திறக்கப்பட்டது மார்ச் 2-லா, 8-லா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.